காஸிமிரின் இடது கால்

காஸிமிர் வோய்டாஸின், 1969 அக்டோபரில் ஹாம்டிராமிக் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்ட இடது கால், அடுத்த மே மாதத்திலிருந்து கார் ஓட்ட வந்தது. தகடு வெட்டும் பட்டறையில் தொடைவரை நசுங்கியதை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். நாங்கள் போலந்துக் கத்தோலிக்கர்கள். உயிர்த்தெழும் நாளில் ஆள் முழுசாக எழ வேண்டுமே என்று, அவன் தனக்கென வாங்கிப் போட்டிருந்த குழியிலேயே காலைச் சின்னப் பெட்டியில் வைத்து முன்கூட்டியே அடக்கம் செய்தோம். பாதிரியார் பாதிச் செபத்தோடு நிறுத்திக்கொண்டார். காலுக்கு அது போதும் என்றார்.

காஸிமிருக்குக் கவலையெல்லாம் காரைப் பற்றித்தான். 67ஆம் வருடத்துப் போன்டியாக், கருநீலம், நாலு கியர். ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால், "வண்டிதான் உன்னை ஓட்டுது, நீ ஜன்னல்ல வேடிக்கை பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவந்தவன். இப்போது கிளட்ச் மிதிக்கக் காலில்லை. லைசென்ஸிலும் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அழாதவன் அந்த முத்திரையைப் பார்த்து அழுதான்.

அவன் கட்டைக்கால் பழகிய குளிர்காலத்தில், கூட வேலை பார்த்த ஸ்டான்லி புஸெக்கின் பேச்சைக் கேட்டு நாங்கள் நாலு பேர் ஒரு புண்ணியகாரியம் செய்தோம். வண்டியின் கியர்பெட்டியைக் கழற்றி ஆட்டோமேட்டிக்கை மாட்டினோம். கிளட்ச் இருந்த இடம்வரை அகலமான பிரேக் பெடல் வந்தது. மே முதல் சனிக்கிழமை, மனசே இல்லாமல் காஸிமிர் ஏறி உட்கார்ந்தான், பக்கத்தில் மனைவி ஹாலினா. இருபது மைல் வேகத்தில் இன்ஜின் கியர் கேட்டு உறுமிய நொடியில் பிரேக் பெடல் தரைவரை இறங்கியது. ஹாலினாவின் நெற்றி கண்ணாடியில் மோதியது.

"யோவ், எதுக்குய்யா பிரேக்கை மிதிச்ச?"

"நான் எங்கடி மிதிச்சேன்? வலது கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கு, கட்டைக்கால் பின்சீட்ல கிடக்கு. நீயே பாரு!"

ஸ்டான்லி ஓட்டியபோது வண்டி ஒழுங்காகப் போனது. காஸிமிர் உட்கார்ந்தால் மட்டும் ஒவ்வொரு கியருக்கும் முட்டிக்கொண்டு நின்றது. கியர் வண்டியில் பழகினவன் எவனும் ஆட்டோமேட்டிக்கில் முதல்நாள் செய்கிற தப்புதான் அது. கிளட்ச் என்று நினைத்து அகலப் பிரேக்கை மிதிப்பான். ஸ்டான்லிக்குத்தான் முதலில் விளங்கியது.

"டேய் காஸ், அது உன் காலுடா. வண்டியை மாத்தினது அதுக்குத் தெரியாது. மண்ணுக்குள்ள இருக்கிறதுக்கு யாரு போய்ச் சொன்னா?"

சொல்ல யாரும் போகவில்லை. அந்த வாரமே பழைய கியர்பெட்டியைத் திரும்ப மாட்டினோம். காஸிமிர் கியர்க் குமிழில் கை வைத்தான். கிளட்ச் தானாக இறங்கியது, பதமாக ஏறியது. காஸிமிர் வாய்விட்டுச் சிரித்தான். பெடலில் கொஞ்சம் ஈரமண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஜூனில் பரிசோதனைக்கு வந்த அதிகாரி பெடலையே பார்த்துக்கொண்டு நகரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். 'இடது கால்: திருப்தி' என்று எழுதி, முத்திரை இல்லாத லைசென்ஸ் கொடுத்தார்.

ஹாலினா வாரம் ஒருமுறை பெடலின் மண்ணைத் துடைத்தாள். இருபத்துநாலு வருடத்தில் ஒருநாளும் அந்த வண்டியை ஓட்டியதில்லை. ஆட்டோமேட்டிக் மட்டுமே பழகியவள். "கையும் காலும் ஒண்ணா வேலை செய்யணும்னா எனக்கு வராது, ஆளை விடு" என்பாள்.

1994 பிப்ரவரியில் காஸிமிர் மாரடைப்பில் போனான். அதே குழியில், சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். கால் ஆளோடு சேர்ந்துவிட்டது, இனி எதற்கு வரும் என்று பேசிக்கொண்டோம். ஹாலினாவும் அப்படித்தான் நினைத்தாள்; அதற்கென்று தனியாக ஒருமுறை அழுதாள்.

ஏப்ரலில் ஸ்டான்லி வண்டியை வாங்கிக்கொள்ள வந்தான். அவன் வாசலில் நிற்க, கடைசியாக ஒருதரம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஹாலினா ஏறி, சாவியைத் திருப்பினாள். கிளட்ச் இறங்கியது. குமிழ்மேல் சும்மா வைத்திருந்த அவள் கையைக் கூட்டிக்கொண்டு கியர்க் கம்பி முதல் கியருக்குப் போனது.

"மெதுவாய்யா," என்றாள் ஹாலினா. "எனக்கு இது முதல் தடவை."

வண்டியை அவள் விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயம்வரை ஓட்டிப் போய் வந்தாள். அன்றுமுதல் பெடலோடு சேர்த்து கியர்க் குமிழிலும் மண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.