கடலூரையே காட்டிய பெயர்

காயத்ரிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சத்யப்பிரியாதான். கணவனின் தங்கை படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று, தான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சொல்லிச் சேர்த்துவிட்டாள். சர்வரில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

இரண்டே வருஷத்தில் எல்லாம் மாறிப்போனது. "சத்யா, இதக் கொஞ்சம் பாரும்மா" என்று பழகிய மேலாளர் தட்சிணாமூர்த்தி, இப்போது அவள் மேசையைத் தாண்டிப் போய்க் காயத்ரியிடம் பேசினார். வீட்டிலும் அதே பேச்சு. "எம் பொண்ணு இல்லன்னா அந்த ஆஸ்பத்திரியே ஓடாதாம்" என்பார் மாமியார். கணவன் செந்தமிழ்செல்வன் பெருமையாகத் தலையாட்டுவான். சத்யப்பிரியா ரசம் ஊற்றுவாள். வயிறு எரியும்.

சிதம்பரத்தில் புதுக் கிளை திறந்தார்கள். அந்தப் பொறுப்பு தனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தாள். அதுவும் காயத்ரிக்கே போனது.

திறப்பு நாள் காலை, காயத்ரி சிதம்பரம் பஸ் ஏறிய பிறகு, கடலூர் மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் இருந்தபடியே சத்யப்பிரியா சிதம்பரத்துப் புது சர்வரைத் திறந்தாள். குறை தேடித்தான் திறந்தாள். கிடைத்தது.

ஆஸ்பத்திரியின் ஜாவா புரோகிராமுக்கு, நோயாளிகளின் விவரங்கள் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'லேப்' என்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு எந்த டேட்டாபேஸ் என்று ஒவ்வொரு கிளையின் சர்வரிலும் தனியாக எழுதிவைக்க வேண்டும். கடலூர் சர்வரில் இருந்ததை அப்படியே நகலெடுத்த காயத்ரி, மற்ற பெயர்களையெல்லாம் சிதம்பரத்துக்குத் திருப்பிவிட்டு 'லேப்' ஒன்றை மட்டும் மாற்றாமல் கடலூருக்கே விட்டிருந்தாள். இரண்டு ஊரிலும் நோயாளி எண்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். சிதம்பரத்து ஆளின் ரத்தப் பரிசோதனையைக் கேட்டால், அதே எண்ணுள்ள கடலூர் ஆளுடையது வந்து நிற்கும்.

காயத்ரியிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்தாள். அவள் ஒரு தடவையாவது திட்டு வாங்கட்டுமே என்று தோன்றியது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானத்துக்கு முன்பே அது அடித்தது.

"அண்ணி, குமராட்சிலேந்து சின்னையன்னு ஒரு பெரியவரு வந்துருக்காரு. சக்கர ரொம்ப ஜாஸ்தின்னு ஸ்க்ரீன்ல காட்டுது. இன்சுலின் போட ஊசியக் கையில எடுத்துட்டாங்க. அவரு பொண்டாட்டிதான், 'இவருக்குச் சக்கரையே கெடையாதே'ன்னு சத்தம் போட்டுத் தடுத்தாங்க. எங்க தப்புன்னே தெரியல அண்ணி."

"லேப் பேரு கடலூருக்குப் போவுது. மொதல்ல சர்வர நிறுத்து, அப்புறம் மாத்து."

சொன்ன பிறகுதான் தன் அவசரம் அவளுக்கே உறைத்தது.

"பாக்காமலே எப்படிண்ணி சொன்னீங்க?"

சத்யப்பிரியா போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது காயத்ரி வந்து நின்றாள். பஸ்ஸிலிருந்து நேராக மேலே ஏறி வந்திருந்தாள்.

"காலையிலயே பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தேன்."

"எதுக்கு அண்ணி சொல்லல?"

"எல்லாரும் உன்னையே தூக்கி வச்சுப் பேசுறாங்க. பொறுக்க முடியல."

"அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆயிருந்தா?"

சத்யப்பிரியா கொடியிலிருந்து அடுத்த துணியை இழுத்தாள். காயத்ரி கீழே இறங்கிப் போய்விட்டாள். வீட்டில் யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைகூட சத்யப்பிரியாவுக்கு முள்ளாகக் குத்தியது.

மறுநாள் சத்யப்பிரியா தானாகவே தட்சிணாமூர்த்தியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. "இனிமே ரெண்டு ஊரு சர்வரையும் காயத்ரியே பாத்துக்கட்டும்மா" என்றார்.

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். நெஞ்சிலிருந்த பயம் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம், சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காயத்ரி யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.