தொண்ணூறு விநாடிக் குரங்கு

செல்வராணிக்கு மறதி என்பதே கிடையாது. குளுவாங் ஊரில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். தெரியாமல் இருக்க அவள் விட்டதில்லை. செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் சர்க்கிட் பலகைகளைச் சோதித்தவள். எங்காவது ஒரு பற்றவைப்பு விட்டிருந்தால், "இதே மாதிரி போன மாசம் பதினேழாந் தேதியும் ஒண்ணு வந்துச்சு, மூணாவது லைன்ல" என்பாள். போய்ப் பார்த்தால் வந்துதான் இருக்கும். வீட்டில் புருஷன் லெட்சுமணனின் சாவி, கண்ணாடி, அடையாள அட்டை எல்லாம் இருக்கும் இடம் அவள் தலைக்குள்தான் இருந்தது. அவன் தேடுகிற வழக்கத்தையே விட்டுவிட்டான்.

கம்பெனி அந்த வேலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனபோது செல்வராணிக்கு வயது நாற்பத்தாறு. இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். மூன்றாம் மாதம் லெட்சுமணன் மடித்து வைத்த சட்டைகளை எடுத்துத் தையலைச் சோதிக்க ஆரம்பித்தாள். அவன் பயந்துபோய் அவளுக்கு வேலை தேடினான். கைப்பேசியில் ஓர் அறிவிப்பு அகப்பட்டது: ஆராய்ச்சிக்கு உதவியாளர் தேவை, பத்து வாரம், பொறுமையும் கூர்ந்த கவனமும் வேண்டும், குரங்குகளுக்குப் பயப்படக் கூடாது.

"குரங்கா லா?" என்றாள் செல்வராணி.

"பத்தொம்பது வருஷம் அந்த சூப்பர்வைசர சமாளிச்சிட்ட. இதுக்கா பயப்படப் போற?"

ஆராய்ச்சி செய்பவள் டாக்டர் வசந்தினி. ஜொகூர் பாருக்காரி, முப்பது வயதைத் தாண்டியவள், இலங்கையிலிருந்து வந்த குடும்பம். பேச்சில் அந்த இழுப்பு இன்னும் இருந்தது. ஊருக்கு வெளியே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமும் காடும் சந்திக்கிற ஓரத்தில் ஒரு கூரைப் பந்தல் போட்டிருந்தாள். காட்டிலிருந்து நீளவால் குரங்குக் கூட்டம் ஒன்று தினமும் காலையில் அங்கே இறங்கி வரும். அனுமதிக் கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன.

"பாருங்கோ அக்கா, விஷயம் சின்னதுதான்," என்று வசந்தினி தன் நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குப் பின்னால முன்மூளையில ஒரு பகுதி இருக்கு. கண்ணுக்கு முன்னால இல்லாத ஒண்டை கொஞ்ச நேரம் மனசில பிடிச்சு வச்சிருக்கிறது அதோட வேலை. கையில தண்ணி ஏந்திக்கொண்டு நடக்கிற மாதிரி. கவனம் சிதறினா ஊத்திப் போகும். எங்களுக்கும் அப்பிடித்தான், குரங்குக்கும் அப்பிடித்தான். காட்டுக் குரங்கு எவ்வளவு நேரம் ஊத்தாம வச்சிருக்கும் எண்டு பாக்கப் போறம்."

சோதனை இதுதான். ஒரு தாழ்ந்த மேசை, அதன்மேல் இடமும் வலமுமாக இரண்டு நீலக் கிண்ணங்கள். செல்வராணி இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார வேண்டும், குரங்கு அந்தப் பக்கம். ஒரு கடலையைக் காட்டி, அதன் கண்ணெதிரே ஒரு கிண்ணத்துக்கு அடியில் வைக்க வேண்டும். பிறகு கிண்ணங்களை மறைத்து ஒரு பலகையை நிறுத்த வேண்டும். விநாடிகளை எண்ணி முடித்ததும் பலகையை எடுத்துவிட வேண்டும். குரங்கு சரியான கிண்ணத்தைத் தொட்டால் கடலை அதற்கு. வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்க இரண்டு கிண்ணங்களிலும் கடலைத் தோலைத் தேய்த்து வைத்திருந்தார்கள்.

முதல் நாளே மேசைக்கு வந்து உட்கார்ந்தது ஒரு தடித்த ஆண் குரங்கு. ஒரு காது கிழிந்திருந்தது, தொப்பை வேறு. வசந்தினியின் பட்டியலில் அதற்கு ஏதோ ஓர் எண் உண்டு. செல்வராணி அதைத் தவுக்கே என்று கூப்பிட்டாள், முதலாளி என்று அர்த்தம். கடை முதலாளி கல்லாவில் உட்காருகிற மாதிரியே அது உட்கார்ந்தது.

தவுக்கே ஒரு மேதை. பத்து விநாடி மறைத்தார்கள், பத்துக்குப் பத்தும் சரி. இருபது விநாடியும் அப்படியே. இரண்டாம் வாரம் நாற்பது, மூன்றாம் வாரம் அறுபது, பிறகு தொண்ணூறு. ஒன்றரை நிமிஷம் பலகைக்குப் பின்னால் சாவகாசமாக உட்கார்ந்து தொப்பையைச் சொறியும். பலகையை எடுத்த கணம் கை நேராகச் சரியான கிண்ணத்துக்குப் போகும். வசந்தினி மணியடித்துப் பார்த்தாள், தகர டின்னைத் தட்டிப் பார்த்தாள். தவுக்கே திரும்பக்கூட இல்லை.

செல்வராணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நம்ம தவுக்கே மூளைய சிங்கப்பூருக்கே கொண்டுபோய்க் காட்டலாம்," என்று மார்க்கெட்டில் மீன்காரனிடம்கூடச் சொன்னாள். தன் ஞாபகசக்திக்கு ஈடான ஒரு பிராணியைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்ட பெருமை அது.

வசந்தினி முகத்தில் மட்டும் வர வரச் சிரிப்பு குறைந்தது. நான்காம் வாரம் திங்கட்கிழமை காலையில், "அக்கா, இண்டைக்கு நான் இருக்கிறன், நீங்க தள்ளி நில்லுங்கோ," என்று முக்காலியில் தானே உட்கார்ந்தாள். பலகை நின்ற நேரம் முழுதும் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருபதே விநாடிதான். தவுக்கே அவளை அண்ணாந்து பார்த்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு ஏதோ ஒரு கிண்ணத்தைத் தொட்டது. பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அதேதான் வரும்.

"என்கிட்டதான் அதுக்குப் பழக்கம், அதான்," என்றாள் செல்வராணி, உள்ளூர மகிழ்ந்து.

வசந்தினி அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். காருக்குப் போய் மடிக்கணினியைத் திறந்து, போன வாரம் பிடித்த வீடியோவை ஓட்டினாள். இருவரும் முன் இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

திரையில் செல்வராணி கடலையை இடப்பக்கம் வைத்தாள், பலகையை நிறுத்தினாள், உதடு அசைய எண்ணத் தொடங்கினாள். பலகை கிண்ணங்களைத்தான் மறைத்தது. அவள் முகம் பலகைக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. பலகையை எடுக்கப் போகும்போது அவள் கண் ஒரு தரம் இடப்பக்கம் போய் வந்தது. மோவாயும் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்தது. அடுத்த முறை கடலை வலப்பக்கம்; கண் வலப்பக்கம் போனது, மோவாயும் வலப்பக்கம். தொண்ணூறு விநாடியில் தவுக்கே பலகையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அலமாக், ஐயோ," என்றாள் செல்வராணி மெதுவாக.

"அது ஒண்டையும் ஞாபகம் வச்சிருக்கேல்ல அக்கா. நீங்கதான் வச்சிருக்கிறியள். அது உங்கட மூளையில இருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கு."

வசந்தினி இதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. மூன்று வாரத்துப் பதிவுகள் அத்தனையும் வீண். அவற்றை ஒரே கோப்பில் போட்டு மூடிவிட்டாள்.  பத்தொன்பது வருஷம் பிறர் தப்பைக் கண்டுபிடித்த செல்வராணி, தன் முகம் இப்படி ரகசியத்தை ஒழுகவிடுவதைக் கண்டுபிடிக்கவில்லையே.

சாயங்காலம் வீட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே லெட்சுமணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நாளைக்கு நான் போகல. அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

லெட்சுமணன் ரொட்டியைக் குழம்பில் முக்கியபடி யோசித்தான். "தீபாவளிக்கு ஒக்காந்து சீட்டு வெளையாடுவோம்ல. நான் எப்பிடி எப்பவும் ஜெயிக்கிறேன்னு நெனச்ச?"

"நீங்க கள்ளாட்டம் ஆடுறீங்கன்னு நெனச்சேன்."

"ஒன் மொகத்தத்தான் பாப்பேன். நல்ல சீட்டு வந்தா வலது புருவம் ஏறும். எனக்கு மட்டுமில்ல, ஒன் தம்பிக்கும் தெரியும். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்கும் தெரியும்."

"இருவத்திரண்டு வருஷமாவா!"

"கொரங்கு மூணே நாள்ல கண்டுபிடிச்சிருச்சு பாரு. கெட்டிக்காரப் பய."

செல்வராணி அன்று அவனோடு பேசவில்லை. ஆனால் காலையில் அவன் எழுந்தபோது அவளும் இல்லை, வாசலில் மாட்டியிருந்த அவனுடைய ஹெல்மெட்டும் இல்லை.

பந்தலுக்கு வந்த வசந்தினி முக்காலியில் ஒரு விண்வெளி வீரர் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். முகம் முழுவதையும் மூடுகிற கறுப்பு ஹெல்மெட், இறக்கிவிட்ட கறுப்புக் கண்ணாடி, கீழே செல்வராணியின் பூப்போட்ட சட்டை.

"பலகைய எடுக்கறப்ப வானத்தப் பாத்துக்குவேன் டாக்டர்," என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "இப்ப மூஞ்சிய எப்பிடிப் படிக்கும்னு பாக்குறேன்."

நேற்றிலிருந்து சிரிக்காத வசந்தினி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தவுக்கே வழக்கமான நேரத்துக்கு வந்தது. மேசையை நெருங்கி, நின்று, இரண்டடி பின்வாங்கியது. அப்புறம் கடலையைக் கண்டதும் உட்கார்ந்தது. பலகை நின்றது. தவுக்கே கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தது; அதில் தெரிந்தது தன் முகம்தான். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தது, வலப்பக்கம் சாய்ந்து பார்த்தது, குனிந்து கீழிருந்தும் பார்த்தது. பலகை போனதும் குத்துமதிப்பாக வலக் கிண்ணத்தைத் தொட்டது. காலி. மறுபடியும் வலது, மறுபடியும் காலி. நான்காம் முறை அது பலகை விலகும்வரை காத்திருக்கவில்லை. மேசைமேல் ஏறி, ஒரு கையால் செல்வராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தது.

செல்வராணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "டாக்டர்! இத எறங்கச் சொல்லுங்க லா!"

"அசையாதேங்கோ அக்கா!"

தவுக்கேயின் மூச்சு மூக்கில் பட்டது. பழம் அழுகிய நாற்றம். மூடிய கண்களிலிருந்து ஒன்றும் தேறாது என்று அதற்கு விளங்கிவிட்டது போலிருக்கிறது. கண்ணாடியை டப்பென்று இறக்கிவிட்டு, கடலை டப்பாவைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. அதற்கப்புறம் அந்த வாரம் முழுவதும் மேசைப் பக்கம் வரவில்லை. பந்தல் கூரைமேல் உட்கார்ந்து இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தது.

அது விலகிய பிறகுதான் மற்றவை வர முடிந்தது. முதலில் வந்தது ஒரு மெலிந்த பெண் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. முதுகை நிமிர்த்திக் கணக்கு எழுதுகிற தோரணையில் உட்கார்ந்ததால் செல்வராணி அதற்குக் கிராணி என்று பெயர் வைத்தாள், தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவை நினைத்து.

இருபது விநாடியில் கிராணி பத்தில் ஒன்பது முறை சரியாகத் தொட்டது. வசந்தினி பேனாவை எடுத்தாள். ஆனால் செல்வராணி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நில்லுங்க டாக்டர்," என்றாள். ஒரு தடவை சூடு பட்டவளுக்குச் சந்தேகம் விடவில்லை. "கையப் பாத்தீங்களா? கச்சான் கடலைய எந்தப் பக்கம் வைக்கிறேனோ, அந்தப் பக்கம் கைய தரையில ஊணிக்குது. பலக போறவரைக்கும் எடுக்க மாட்டேங்குது. மண்டைக்குள்ள வச்சிருக்கா, கையில வச்சிருக்கான்னு எப்பிடித் தெரியும்?"

வசந்தினி வீடியோவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். கை அங்கேயேதான் இருந்தது. ஒன்பது முறையும்.

"இதை நான் கவனிக்கேல்ல," என்றாள். "சத்தியமா கவனிக்கேல்ல அக்கா."

செல்வராணி முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இருவரும் வழி யோசித்தார்கள். பலகை நின்றதும் வசந்தினி கிராணிக்குப் பின்னாலிருந்து ஒரு மட்டையைத் தட்டுவாள். கிராணி எழுந்து, திரும்பி, இரண்டடி நடந்து பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்காரும். கை ஊன்றிய இடம் போய்விடும். இருப்பது தலைக்குள் இருப்பது மட்டும்தான். அப்படிச் செய்தபோது பத்தில் எட்டு சரி. இன்னொரு நாள் ஏழு. நாற்பது விநாடி என்றால் ஆறு. குட்டி காதைப் பிடித்து இழுத்த நாளில் ஐந்துதான். தப்பாகத் தொட்டு வெறுங்கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் கிராணி ஒரு கணம் அசையாமல் இருக்கும், சமையலறைக்கு வந்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்கிற மனுஷி மாதிரி.

"கொறைஞ்சுகிட்டே போகுதே டாக்டர்."

"அதுதானே நமக்கு வேணும்! நேரம் கூடினா குறையுது, கவனம் கலைஞ்சா இன்னும் குறையுது. இது உண்மையான ஞாபகம் அக்கா. தவுக்கே ஒரு நாளாவது தப்பு விட்டுதா? அப்பவே நான் யோசிச்சிருக்க வேணும்."

பத்து வாரம் பதினாறு வாரமாக நீண்டது. வசந்தினி எழுதி அனுப்பிய கட்டுரையின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயரைச் செல்வராணி மூன்று தரம் எழுத்துக்கூட்டிச் சோதித்தாள், ஒரு எழுத்தும் பிசகவில்லை. தவுக்கே கெடுத்த மூன்று வாரத்தையும் வசந்தினி மறைக்காமல் எழுதியிருந்தாள். அதைப் படித்த ஒரு பேராசிரியர், எல்லாவற்றிலும் சுவையான பகுதி அதுதான் என்று பதில் போட்டிருந்தார்.

கடைசி வாரத்தில் ஒரு காலை கிராணி கொஞ்சம் தள்ளிப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது, குட்டி தானாகவே மேசைக்கு வந்து உட்கார்ந்தது. முழங்கை உயரம்கூட இல்லை. செல்வராணி வசந்தினியைப் பார்த்தாள். வசந்தினி தலையசைத்தாள்.

கடலையைக் காட்டியதும் குட்டியின் கண்கள் விரிந்தன. அதை இடக் கிண்ணத்தடியில் வைக்கும்வரை கையையே பார்த்தது. பலகை நின்றது. செல்வராணி ஐந்துதான் எண்ணினாள். பலகையை எடுத்தபோது குட்டி மேசையைப் பார்க்கவே இல்லை. ஒரு ஈசல் அதன் மூக்குக்கு முன்னால் பறந்துபோக, அதன் பின்னாலேயே இரண்டு கால்களில் எழுந்து, கையைக் கொட்டிக் கொட்டித் துரத்தி, தடுக்கி விழுந்து, எதைத் துரத்தினோம் என்பதையும் மறந்து தன் கால்விரலை ஆராய்ந்துகொண்டிருந்தது.

செல்வராணி தாளைப் பார்த்தாள். அதில் சரி என்று ஒரு கட்டமும் தப்பு என்று ஒரு கட்டமும்தான் இருந்தன.

"இத எதுல போடுறது டாக்டர்?"

வசந்தினி குட்டியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். "புதுசா ஒரு கட்டம் போடுங்கோ," என்றாள்.

செல்வராணி பைக்குள்ளிருந்து அடிக்கோலை எடுத்து, ஓரத்தில் நேராக ஒரு கோடு இழுத்தாள்.