காப்பிக்கடை வாசலில் சொன்னது

தவக்காலத்து மொச்சைக் கஞ்சிதான் வயிற்றைக் கெடுத்தது என்று ஸ்தமாத்தா சாதித்தாள். மறுபடியும் கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவளை அண்ணன் பனாயிஸ் உற்றுப் பார்த்தார்.

"ரத்தம் போகுதா?"

"பொம்பளைகிட்ட கேக்குற கேள்வியா அண்ணே இது?"

போகிறது என்று புரிந்துகொண்டார்.

அவளுக்கு மார்பில் கட்டி. அறுவைக்கு முன்பே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பிவிடும் மருந்தை ஏதென்ஸில் சோதிக்கிறார்கள். அதில் இவளும் ஒருத்தி. கட்டி சுருங்கிக்கொண்டிருந்தது. கிளம்பிய சக்தி சில சமயம் குடலையே பதம் பார்க்கும், வயிறு போனால் உடனே கூப்பிடுங்கள் என்று சோதனையை நடத்தும் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. கட்டி திரும்ப வளந்தா நீயா பொறுப்பு?" என்றாள் ஸ்தமாத்தா.

மானி மலைக் கிராமத்தில் பனாயிஸ் வீட்டுச் செய்தி வாசல் தாண்டியதில்லை. தங்கைக்குக் கண்ணில் புரை என்றே ஊருக்குச் சொல்லியிருந்தார். கல் வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காது. காப்பிக்கடை வாசலில்தான் கிடைக்கும். தங்கையின் உதடு வறண்டு வெடித்திருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"வாங்க பெரியவரே!" என்றான் சீட்டாடிக்கொண்டிருந்த கடைக்காரன் தோதோரிஸ். "தங்கச்சிக்குக் கண்ணு சரியாயிட்டா உங்க மூஞ்சிய தெளிவாப் பாக்கணுமே, பாவம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் முதுகைக் காட்டியபடி, வாயைக் கையால் மறைத்துப் போனில் டாக்டரம்மாவிடம் பேசினார்.

"கேக்கல, சத்தமா சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

இன்னொரு முறை முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"ஸ்தமாத்தாவுக்கு! மார்புல புற்றுநோய், உங்க சோதனை மருந்து! நேத்துலேருந்து வயித்தால போகுது, ரத்தமும் போகுது!"

பின்னால் சீட்டு விழும் சத்தம் நின்றது.

"உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க நான் பேசிக்கறேன். ஸ்டீராய்டு போடணும்."

"மருந்து?"

"இப்போதைக்கு நிறுத்தத்தான் வேணும். ஆபரேஷன் எப்பன்னு அப்புறம் பாப்போம். மொதல்ல குடலக் காப்பாத்தணும்."

அவர் திரும்பியபோது தோதோரிஸ் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

மலைப்பாதையில் ஸ்தமாத்தா கேட்டாள்: "ஊரே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"மருந்த நிறுத்திட்டாங்களா?"

பனாயிஸ் அவள் கையைப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது.

"விரட்டுப்பா," என்றார் தோதோரிஸிடம். "இன்னும் வேகமா."