வேனை விட்டு இறங்காத மூன்றாம் பாகம்

எங்கள் ஊரில் ஒரு தலைமை நூலகம், அதற்குச் சில கிளைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வேன். புத்தகம் எந்தக் கிளையில் இருந்தாலும், கேட்டவர் இருக்கும் கிளைக்கு வேன் கொண்டுவந்து சேர்க்கும். கடைக்கோடிக் கிளைக்கு நான்தான் நூலகர். இந்த ஏற்பாட்டைப் பற்றி ஓயாமல் பீற்றிக்கொள்பவளும் நானே.

என் தங்கைக்கு நிறைமாதம். ஒரு துப்பறியும் கதையில் இரண்டு பாகங்களை முடித்துவிட்டு, மூன்றாவது வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். வேறு சமயமாக இருந்தால் போடி என்றிருப்பேன்.

"பிரசவத்துக்கு உள்ள போனா திரும்பி வருவேனோ மாட்டேனோக்கா. கொலை பண்ணது யாருன்னாவது தெரிஞ்சுக்கிறேன்" என்றாள். உடனே கணினியில் தேடினேன்.

எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே பிரதிதான், அதுவும் வடக்குக் கிளையில். எங்கள் கிளைக்கு அனுப்பச் சொல்லிப் பதிந்தேன். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் கணினியில் பார்த்தால் புத்தகம் தலைமை நூலகம் வரை வந்திருந்தது. அட, நேரில் போயே வாங்கிவிடலாமே என்று, வாங்கும் இடத்தை அங்கே மாற்றிவிட்டு பஸ் பிடித்து ஓடினேன். அதற்குள் அது வேனில் ஏறி எங்கள் கிளைக்குப் புறப்பட்டிருந்தது. அலறியடித்துத் திரும்பினால், நான் மாற்றிய இடத்துக்கே போகட்டும் என்று வேன் அதைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. விட்டேனா? அது எங்கே தெரிகிறதோ அங்கெல்லாம் மாற்றினேன். புத்தகம் ஊர்வலம் போனது.

கிளைகளை ஒருங்கிணைக்கும் அம்மாள் போனில் என்னைக் காய்ச்சி எடுத்தார். நூலகரே இப்படிச் செய்தால் வாசகர் என்ன செய்வார், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள் என்றார். இருந்தேன். வந்தது. எங்கள் கிளை வாசலிலேயே காத்திருந்த தங்கைக்கு அந்த நேரம் பார்த்து வலியும் வந்தது.

வேன்காரர் நல்ல மனிதர். புத்தகப் பெட்டிகளை ஒதுக்கி அவளை உட்காரவைத்து, ஆஸ்பத்திரிக்கு விட்டார் வண்டியை. அவள் பக்கத்தைப் புரட்டுவாள், கத்துவாள், மறுபடி புரட்டுவாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். நடுவில் தாவித் தாவிப் படித்தும் கடைசி அத்தியாயம் பாக்கியாம். நர்ஸ் கெஞ்சினார், நான் திட்டினேன்.

வேன்காரர் திரும்பிப் பார்த்தார். "யாருன்னு நான் சொல்லிடட்டுமாம்மா? இத ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி, நானே படிச்சு முடிச்சுட்டேன்."

தங்கை புத்தகத்தைப் பட்டென்று மூடி என் கையில் திணித்தாள்.

"வாயத் தொறக்காதீங்க. நானே திரும்பி வந்து படிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.