பாதிக் கண்

அந்த வீட்டில் யாருக்கு எதற்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் டீச்சரம்மாதான் எழுதுவாள். குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லையா, மின் மீட்டர் தாறுமாறாக ஓடுகிறதா, எதிர்வீட்டுக்காரரின் கார் வாசலை மறிக்கிறதா, மாடியிலிருந்து மூத்தார் ஒரு தாளோடு இறங்கி வந்துவிடுவார். மூத்தார் என்றால் அவளுடைய கணவரின் அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் எந்த வாடிக்கையாளரும் தப்பிக்க முடியாது, பேனாவைத் திறந்தால் 'ஐயா' என்ற சொல்லுக்கு மேல் ஓர் அடி நகராது. பத்தொன்பது வருஷமாக இதுதான் நடைமுறை. அவள் எழுதிக் கொடுத்தால் காரியம் நடந்துவிடும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை அவள் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது மூத்தார் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு யார் மேல அத்தான்?" என்றாள் தலை நிமிராமல்.

"பள்ளிக்கூடத்துக்கு. பத்தாம் வகுப்பு அறிவியல்ல பரிணாமம்னு ஒரு பாடம் வருதாமே, அதை நடத்தக் கூடாதுன்னு."

டீச்சரம்மா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவது அவள். மூத்தாரின் மகள் படிப்பதும் அவளிடம்தான்.

"அத்தான், அந்தப் பாடத்தை நடத்தப்போறது நான்."

"தெரியும்மா. அதனாலதான் உன்கிட்டயே நேரா வந்தேன். முதுகுக்குப் பின்னால குத்துற பழக்கம் நமக்குக் கிடையாது."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. கள்ளம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நாலு மாதமாக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டத்துக்குப் போய்வருகிறார். எல்லா உயிரும் ஆதியில் இன்றிருக்கிற வடிவத்திலேயே படைக்கப்பட்டவை என்று அங்கே ஒருவர் மணிக்கணக்கில் பேசுகிறார். அதைக் கேட்டு மனிதருக்குத் தூக்கம் போயிருந்தது. தன் மகள் தப்பான ஒன்றைப் படித்துவிடுவாளோ என்ற பயம், உண்மையான பயம்.

டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மூத்தார் கொண்டுவந்த தாளில் மூன்று வரி இருந்தது. 'குரங்கு வயித்துல மனுசன் பொறந்தான்னு சொல்லிக் குடுக்குறது சரியில்லை' என்பது அதில் இரண்டாவது வரி.

"அத்தான், அப்படி யாருமே சொல்லல. குரங்குக்கும் மனுஷனுக்கும் ரொம்பப் பழைய காலத்துல ஒரே மூதாதைன்னுதான் பாடத்துல இருக்கு."

"அப்படியா? சரி, அதையும் சரியாப் போட்டுடு. நாளைக்கு ஹெட்மாஸ்டர் நம்ம மனுவுல தப்புக் கண்டுபிடிச்சுடக் கூடாது."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டரின் மேஜை இழுப்பறையில் தூங்குகிற மனுக்களோடு இதுவும் தூங்கட்டும் என்று நினைத்தாள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த மூன்று வரியைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை, கை அரித்தது.

எழுத ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. ஒரு மனு என்றால் வலுவான வாதம் ஒன்றாவது வேண்டாமா? மூத்தாரிடம் வாதம் எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவளே ஒன்றைப் போட்டாள். 'கண் படிப்படியாக உருவானது என்கிறார்கள். அப்படியானால் இடையில் ஒரு காலத்தில் பாதிக் கண் இருந்திருக்க வேண்டும். பாதிக் கண்ணால் யாருக்கு என்ன பயன்?' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே திருப்தியாக இருந்தது. அதற்குப் பதில் என்ன என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் பதில் மனுவில் எழுத வேண்டிய விஷயம் இல்லையே.

மூத்தார் கண் கலங்கிவிட்டார். "என் மனசுல இருந்ததை அப்படியே எழுதிட்டியேம்மா" என்றார். தாளை மாடிக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்து கம்ப்யூட்டரில் அடிக்கச் சொன்னார். மனு திங்கட்கிழமையே பள்ளிக்குப் போய்விட்டது.

அந்த மனு இழுப்பறையில் தூங்கவில்லை. புதன்கிழமை ஹெட்மாஸ்டர் அவளை அழைத்து அதை நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க மிஸ். எழுத்துன்னா இதுதான் எழுத்து. அந்தப் பாதிக் கண்ணுங்கற இடத்துல எனக்கே ஒரு நிமிஷம் ஆடிப்போச்சு. நிர்வாகக் கமிட்டி ஆட்களும் ஆடிட்டாங்க."

"சார், அதுக்குப் பதில் இருக்கு. சின்ன வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிடலாம்."

"இருக்கட்டும். நமக்கெதுக்கு வம்பு? ரெண்டு தரப்புக்கும் நோகாம ஒரு முடிவு பண்ணியிருக்கோம். பாடத்தை நடத்துங்க. அடுத்த வாரம் ஒரு பீரியட் மாற்றுக் கருத்துன்னு ஒதுக்குங்க. டெஸ்ட்ல எதை எழுதினாலும் முழு மார்க்."

"எதை எழுதினாலுமா?"

"எதை எழுதினாலும். ஒத்துவரலன்னா பி.டி. மாஸ்டர்கிட்ட அந்தப் பாடத்தைக் குடுத்துடறேன். அவரும் டிகிரி வாங்கினவர்தானே."

பி.டி. மாஸ்டர் போன வருஷம் பக்கத்து வகுப்புக்கு அந்தப் பாடத்தை எப்படி நடத்தினார் என்பது பள்ளிக்கே தெரியும். 'வீட்ல படிச்சுக்கங்க' என்று சொல்லிவிட்டு எல்லாரையும் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒன்றும் இல்லாததற்குப் பாதியாவது மிஞ்சட்டும் என்று டீச்சரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"இதையே சர்க்குலரா எழுதிக் குடுத்துடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். "நம்ம பள்ளிக்கூடத்துல உங்களை விட்டா எழுத ஆள் ஏது?"

ஆக, தன் மேல் புகாரை எழுதியவளும் அவள், தனக்கு உத்தரவை எழுதியவளும் அவள். அன்று மாலை வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கழுவிய சத்தத்தில் கணவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

பாடத்தை நடத்தினாள். எலும்பு, புதைபடிவம், திமிங்கலத்தின் உடலுக்குள் மிஞ்சியிருக்கிற இடுப்பெலும்பு, எதையும் விடவில்லை. முன் பெஞ்சில் மூத்தாரின் மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். ஏன் விரல் ஐந்து, பூனைக்கு மட்டும் ஏன் இருட்டில் தெரிகிறது என்று நாலு வயதிலிருந்து குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பவள். வீட்டில் சித்தி என்பாள், வகுப்பில் மிஸ் என்பாள், ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. இருபது வருஷ உத்தியோகத்தில் ஒரே ஒரு பிள்ளைக்காக நடத்தினேன் என்று சொல்லச் சொன்னால் டீச்சரம்மா இவளைத்தான் சொல்வாள். வாய்விட்டுச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். 'கண் படிப்படியாக உருவாகியிருக்க முடியும் என்பதை விளக்குக' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை வேண்டுமென்றே வைத்திருந்தாள். வக்கீலின் தாளைக் கடைசியாக ருசித்துத் திருத்தலாம் என்று அடியில் ஒதுக்கி வைத்தாள். எடுத்துப் பார்த்தபோது அந்தக் கேள்விக்குக் கீழே அவளுடைய மனு இருந்தது. ஒரு சொல் மாறவில்லை. 'பாதிக் கண்ணால் யாருக்கு என்ன பயன்?' என்ற கேள்விக்குறி வரைக்கும் இருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் அவளை ஆய்வகத்துக்கு அழைத்தாள்.

"ஏன் இதை எழுதினே?"

"எதை எழுதினாலும் மார்க்குன்னு சர்க்குலர் வந்துச்சே மிஸ்."

"மார்க்குக்காகவா எழுதினே?"

"இல்ல." வக்கீல் தரையைப் பார்த்தாள். "அப்பா மனுவை நான்தான் டைப் அடிச்சேன். உங்க கையெழுத்துல இருந்துச்சு. வகுப்புல நீங்க வேற மாதிரி சொன்னீங்க. ரெண்டு நாள் குழம்பினேன். வகுப்புல சொல்றது வேலைக்காக இருக்கும், வீட்ல உட்கார்ந்து எழுதுறதுதான் மனசுல இருக்கறதுன்னு நினைச்சேன். நீங்க பொய்யா எதையும் எழுத மாட்டீங்கல்ல?"

டீச்சரம்மாவுக்கு மூத்தார் மேல் கோபம் வந்தது, ஹெட்மாஸ்டர் மேல் வந்தது, செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்த கணவர் மேல்கூட வந்தது. ஒரு சுற்றுப் போய்விட்டு எல்லாம் அவள் தலையிலேயே வந்து உட்கார்ந்தது.

மாற்றுக் கருத்துக்கான பீரியட் அன்று பிற்பகல். எப்படியாவது தள்ளிப்போட நினைத்திருந்தவள் தள்ளிப்போடவில்லை. வக்கீலின் விடைத்தாளைப் பார்த்து அந்த மனுவைக் கரும்பலகையில் முழுக்க எழுதிப் போட்டாள்.

"இதை எழுதினது நான். இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. எல்லாரும் கண்ணை மூடுங்க. ஜன்னல் பக்கம் திரும்புங்க."

நாற்பது பேரும் மூடிக்கொண்டார்கள். அவள் ஜன்னலோரம் நடந்து ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே கையை வீசினாள்.

"என்ன தெரிஞ்சுது?"

"நிழல் போச்சு மிஸ்."

"நான் அடிக்க வர்றேன்னா?"

"குனிஞ்சுடுவோம் மிஸ்" என்றது பின் பெஞ்ச். வகுப்பு சிரித்தது.

"இமை மூடியிருக்கு. உருவம் தெரியல, நிறம் தெரியல. இது பாதிக் கண்கூட இல்லை, அரைக்கால் கண். ஆனா அடியில இருந்து தப்பிச்சாச்சு. வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பிரிச்சுப் பார்க்கிற புழு இன்னைக்கும் இருக்கு. பயன் இல்லையா?"

வகுப்பு முழுக்கப் பேச ஆரம்பித்தது. டீச்சரம்மா நிம்மதியாகச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். அப்போது வக்கீல் எழுந்து நின்றாள்.

"அப்போ எழுதும்போதே இது உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினீங்க? ஏன்?"

உங்கப்பாவின் வாக்கியம் பார்க்கச் சகிக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"சரி மிஸ். இனிமே நீங்க சொல்றதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கறேன்."

அறிவியல் ஆசிரியை தன் மாணவியிடம் கேட்க ஆசைப்பட வேண்டிய வாக்கியம் அது. டீச்சரம்மாவுக்கு அது வலித்தது. டெஸ்டில் அந்தக் கண் கேள்விக்கு வக்கீலுக்குப் பூஜ்யம் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வக்கீல் வாதாடாமல் வாங்கிக்கொண்டாள்.

மாலையில் மூத்தார் தாளோடு இறங்கி வந்தார். பின்னாலேயே மகளும் வந்து மேஜையோரம் நின்றாள்.

"உன்மேல கோபம் இல்லம்மா" என்று ஆரம்பித்தார். "ஆனா மனுவை வகுப்புல போட்டுக் கிழிச்சிருக்காங்க. சர்க்குலருக்கு விரோதமாப் பூஜ்யம் வேற. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? ஹெட்மாஸ்டருக்கு இன்னொரு மனு குடுக்கணும். நீயே எழுதிடேன்."

அன்று முதல் முறையாக டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது.

"நான் எழுத மாட்டேன் அத்தான். இதை மட்டும் இல்ல, இனிமே எதையும்."

மூத்தார் புரியாமல் விழித்தார். தாளைத் தன் பக்கம் இழுத்து 'ஐயா' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. டீச்சரம்மாவின் கை மறுபடியும் அரித்தது. அந்தக் கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மூத்தார் தாளை மகளிடம் தள்ளினார். "நீ எழுதும்மா. உனக்குத்தான் சித்தி மாதிரியே எழுத வருமே."

"வரும்ப்பா" என்றாள் வக்கீல். "ஆனா நான் நம்பாததை எழுத மாட்டேன்."

அவள் அப்பாவைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். டீச்சரம்மாவால் வெகுநேரம் தலையை நிமிர்த்த முடியவில்லை.