அப்பா பெயர் தெரியாத ஜெரேனியம்

1

இந்தக் கதை ஒரு ஜோடி ஸ்டாக்கிங்ஸிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவைப் பற்றிய கதை என்றால் அது பனித்துளியிலிருந்தோ பெருமூச்சிலிருந்தோ பிறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய் வேறு வேலை பார்க்கலாம்.

ஸ்டாக்கிங்ஸ், அதாவது பெண்கள் காலில் தொடைவரை இழுத்துப் போட்டுக்கொள்ளும் மெல்லிய வலையுறை, அவ்ரில் பிளென்கினுடையது. இங்கிலாந்தில், யார்க்ஷயரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதம் தோட்டச் சங்கத்தின் மலர்க் கண்காட்சி நடக்கும். அங்கே தேநீர்க் கூடாரத்தில் அவள் கோப்பை கழுவுவாள், நான் துடைத்து அடுக்குவேன். பல வருஷப் பழக்கம். ஊர் வம்பு முழுக்க அந்த சோப்புத் தண்ணீர் வழியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

(எழுபதைத் தாண்டியவளை 'அவள்' என்று எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். முதல் வரைவில் 'அவர்' என்றுதான் எழுதினேன். யாரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மாதிரி இருந்தது. விஷயத்தை விளக்கியபோது அவளே சொன்னாள்: "மரியாதையெல்லாம் நான் செத்த பிறகு குடு, கண்ணு.")

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக் குடிலின் ஈரக் கதகதப்பில் கோர்டன் பிளென்கின், ஒரு தாயின் பரிவோடு அந்த மலரை—"

இல்லை. அவ்ரிலின் கணவன் கோர்டனிடம் தாயின் பரிவு கிடையாது. அவனுடைய தாயிடமே அது கிடையாது என்று அவ்ரில் சொல்கிறாள்.

இரண்டாம் தொடக்கம்: "ஜெரேனியம் என்று நாம் அழைக்கும் செடி உண்மையில் ஜெரேனியமே அல்ல, தாவரவியலின்படி—"

இதுவும் வேண்டாம். கோர்டன் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பான். விருந்துகளில் அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் தொடக்கம்: "அன்று அவ்ரில் ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்தது, காலில் போட ஒன்றும் இல்லை."

இது பரவாயில்லை. ஆனால் ஏன் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும்.

3

ஜெரேனியத்தில் புது ரகம் உண்டாக்குவது இப்படி. தாய்ச் செடியின் பூ விரிந்ததும் அதன் சொந்த மகரந்தப் பைகளைச் சின்ன இடுக்கியால் கிள்ளி எறிய வேண்டும். இரண்டொரு நாள் பொறுத்தால் பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி ஐந்து சுருளாகப் பிரியும். அப்போது, அப்பாவாகத் தேர்ந்தெடுத்த செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் அதில் தடவி, எந்தத் தேனீயும் மூக்கை நுழைக்காதபடி மூடிக் கட்ட வேண்டும். மற்றவர்கள் மஸ்லின் துணியால் கட்டுவார்கள். கோர்டன் மனைவியின் ஸ்டாக்கிங்ஸால் கட்டுவான். காற்று போகும், தேனீ போகாது, கடைக்கும் போக வேண்டாம்.

ஒரே சிக்கல், அந்த இரண்டொரு நாள் பொறுமை கோர்டனுக்குக் கிடையாது. கிள்ளிய கையோடு தடவுவான், தடவிய கையோடு கட்டுவான், கட்டிய கையோடு வேறு ஊர்க் கண்காட்சிக்குக் கிளம்பிவிடுவான். மூடிய சூல்முடியில் மகரந்தம் தடவுவது, பூட்டிய வீட்டு வாசலில் போஸ்ட்மேன் பேசிக்கொண்டு நிற்பது மாதிரி. முப்பது வருஷத்தில் அவனுக்கு மூன்றே ரகம்தான் தேறியிருந்தன. அதற்கு அவன் இங்கிலாந்தின் வெயிலைக் குறை சொல்வான்.

புது ரகத்துக்கு மனைவி பெயர் வைப்பது இந்த ஊர் வழக்கம். கல்யாண நாளை மறந்துபோன ஆண்கள் பலர் இதை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோர்டனின் முதல் ரகத்துக்கு அவன் அம்மா பெயர். இரண்டாவதற்குச் சங்கத் தலைவரின் மனைவி பெயர்; அந்த வருஷம் பரிசும் வந்தது. மூன்றாவதற்கு 'ரஸ்டி' என்று பெயர்.

"ரஸ்டி யாரு?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு நாய்," என்றாள் அவ்ரில், ஒரு கோப்பையைக் கழுவி என்னிடம் நீட்டியபடி. "அடுத்தது உன் பேருதான்னு சத்தியம் பண்ணியிருக்கான். நாய்க்கு அப்புறம் நான்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். ஏதாவது ஒரு பூவின் கீழே, நேர்த்தியாக அச்சடித்த ஓர் அட்டையில், 'அவ்ரில் பிளென்கின்' என்று இருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் வெளிப்படையாக ஆசைப்பட்ட ஒரே பொருள் அது. இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை, அதனால் நேராக எழுதிவிட்டேன்.

4

இப்போது சிட்னி ஓல்ட்ராய்டைக் கொண்டுவர வேண்டும். கோர்டனின் பக்கத்துத் தெருக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மெதுவாகப் பேசுகிறவர். அவருடைய கண்ணாடிக் குடிலில் ஒரு வருஷம் தொட்டிகளுக்கு நடுவே தானாக ஒரு ஜெரேனியம் முளைத்துப் பூத்தது. பீச் பழ நிறம், இரட்டை அடுக்கு. விதை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்போது அவருடைய மனைவி ஹில்டா படுக்கையில் இருந்தாள், எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பூவுக்கு ஹில்டா பெயர் வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார்.

கோர்டன் சங்கச் செயலாளர். உள்ளூர் ரகங்களுக்கான மேஜைக்கு அவனே ஒரு விதி எழுதிவைத்திருந்தான்: அட்டையில் தாய், தந்தை இருவர் பெயரும் இருக்க வேண்டும்.

"அப்பன் பேரு இல்லாத பூவுக்கு இந்த மேஜையில இடம் கிடையாது சிட்னி. விதி விதிதான்."

சிட்னி தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் ஹில்டா செத்துப்போனாள்.

(கோர்டனைக் கொடுமைக்காரனாக்குகிறேன் என்று எனக்கே தோன்றுகிறது. அவ்ரிலிடம் கேட்டேன். "கெட்டவன் இல்ல கண்ணு," என்றாள். "கெட்டவனா இருந்தா எப்பவோ விட்டுட்டுப் போயிருப்பேன். அவன் எப்பவுமே சரியா இருக்கணும்னு நெனைக்கிறவன். அது அதைவிட மோசம்.")

5

ஹில்டாவின் அடக்கம் ஜூன் மாதம். கோர்டன் வேறு ஊர்க் கண்காட்சிக்குப் போயிருந்தான். ஓல்ட்ராய்ட் வீட்டுப் பக்கம் தலைகாட்ட அவனுக்கு முகம் இல்லை என்பது என் ஊகம், ஆனால் அவன் சொன்ன காரணம் டிராஃபிக்.

அவ்ரில் கறுப்பு உடை போட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். நல்ல ஸ்டாக்கிங்ஸ் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குடிலுக்குள் கோர்டனின் வெள்ளை ஜெரேனியத்தில் இரண்டு பூங்கொத்துகள் அவளுடைய கறுப்பு ஸ்டாக்கிங்ஸைப் போட்டுக்கொண்டு நின்றன. வெள்ளைப் பூவின் ஒவ்வொரு இதழ் ஓரத்திலும் பென்சில் கோடு போல ஒரு சிவப்பு விளிம்பு வர வேண்டும். அதுதான் கோர்டனின் கனவு. அதற்காகவே ஒரு பெரிய தோட்டத்திலிருந்து குலம் கோத்திரம் பார்த்து ஒரு மாப்பிள்ளைச் செடி வாங்கி வைத்திருந்தான்.

அவ்ரில் போய் இரண்டையும் அவிழ்த்தாள், உதறினாள், போட்டுக்கொண்டாள், சர்ச்சுக்குப் போனாள்.

அன்று வெயில். குடிலின் கதவு திறந்தே கிடந்தது. கதவுக்கு வெளியே, பழைய பெயின்ட் டப்பாவில், அவ்ரில் பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் பாலோடு சேர்த்து வாங்கிவந்த சிவப்பு ஜெரேனியம். கோர்டன் அதைச் செடி என்றே ஒத்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் திரும்பி வந்து ஸ்டாக்கிங்ஸைக் கழற்றி, பழையபடி பூவில் கட்டினாள். "கொஞ்சம் சூடா இருந்துச்சு," என்றாள் என்னிடம். "பூவுக்கு என்ன தெரியப்போகுது."

6

இந்த எண்ணில் ஒரு பத்தி இருந்தது. முழுக்கத் தேனீயின் பார்வையில். மிக அழகாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தேனீக்கு மனோதத்துவம் எழுதும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

7

விதை முளைத்தது. மறு வருஷம் பூத்தது. வெள்ளை இதழ், ஓரத்தில் நறுக்கென்று சிவப்புக் கோடு. கோர்டன் குடிலிலிருந்து கத்தினான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனைவியை முத்தமிட்டான் என்று எழுத ஆசை. அவ்ரில் அது ரொம்ப அதிகம் என்கிறாள். தோளில் தட்டினானாம்.

அவ்ரில் பூவைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தாள். இலையின் நடுவே லாட வடிவில் ஒரு கருத்த வளையம், ஓரிடத்தில் மட்டும் உடைந்து. பெயின்ட் டப்பாச் சிவப்பின் ஒவ்வோர் இலையிலும் அதே வளையம், அதே உடைசல். குலம் கோத்திரம் பார்த்து வந்த மாப்பிள்ளையின் இலை வெறும் பச்சை. தாயின் இலையும் அப்படியே.

"இந்த வளையம் எங்கேருந்து வந்துச்சு கோர்டன்?" என்று மெதுவாகக் கேட்டுப்பார்த்தாள்.

"தாத்தா வழி," என்றான் கோர்டன். "நல்ல குடும்பங்கள்ல தலைமுறை தாண்டித்தான் வரும்."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் செடிக்கு அப்பா பெயர் போச்சு. அப்பா பெயர் போனால் கோர்டனின் விதிப்படி மேஜையில் இடம் போச்சு. இடம் போனால் அட்டை போச்சு, பெயர் போச்சு. குச்சி வெட்டி நட்டு, ரகம் மாறாமல் நிற்கிறதா என்று கோர்டன் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் முழுக்க அவள் சும்மா இருந்தாள்.

8

போன ஆகஸ்ட். கண்காட்சிக் கூடாரம். நடுவர்கள் வருவதற்குச் சற்று முன்பு அவ்ரில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேஜையில் செடி. அதன் கீழே அட்டை: அவ்ரில் பிளென்கின். அதற்கும் கீழே தாய்ச் செடி, மாப்பிள்ளைச் செடி இரண்டின் பெயரும். அவள் விரலால் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அப்போது சிட்னி ஓல்ட்ராய்ட் அந்தப் பக்கமாக வந்தார். கையில் ஹில்டாவின் பீச் நிறச் செடி. அவர் அதை ஒவ்வொரு வருஷமும் கொண்டுவந்து கூடாரத்துக்கு வெளியே புல்லில் வைப்பார். அன்று மழை தூறியதால் உள்ளே ஒதுங்கினார்.

"சிட்னி," என்றான் மேஜையருகே நின்ற கோர்டன். "அப்பன் பேரு தெரியாததை உள்ள கொண்டுவராதேன்னு எத்தனை தடவை சொல்றது? பாரு, இதுதான் வளர்ப்பு. ரெண்டு பக்கமும் நல்ல இடம். பார்த்தாலே தெரியும்."

சிட்னி குனிந்து பார்த்தார். "அழகா இருக்கு கோர்டன்," என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு மழைக்குள் திரும்பினார்.

"நில்லுங்க சிட்னி," என்றாள் அவ்ரில். பிறகு கணவனைப் பார்த்து, சாதாரணக் குரலில்: "இதோட அப்பன் பெட்ரோல் பங்க் சிவப்பு."

"என்ன உளர்றே?"

"ஹில்டா அடக்கத்துக்கு நான் என்னத்தைப் போட்டுட்டுப் போனேன்னு நெனைக்கிறே? என் ஸ்டாக்கிங்ஸ் எல்லாம் உன் பூ போட்டிருந்துச்சு. அவுத்தேன். போட்டுட்டுப் போனேன். சாயங்காலம் வரைக்கும் உன் வெள்ளைக்காரி கதவைத் திறந்து வெச்சுட்டுச் சும்மா நின்னுட்டிருந்தா. இலையைப் பாரு மனுஷா. தாத்தா வழியாம்!"

கோர்டன் இலையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். செடி தெரியாதவன் அல்ல. பார்க்க விரும்பாதவன், அவ்வளவுதான். அவன் காது சிவந்தது. சிட்னி சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கூடாரத்தைக் காலி செய்யச் சொல்லி மணி அடித்தார்கள். நடுவர்கள் வரும்போது யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது வழக்கம். செயலாளர் மட்டும் இருக்கலாம்.

கோர்டன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பேனா இருக்கா?"

கொடுத்தேன். இந்தக் கதையின் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த பேனா அது.

9

வெளியே மழையில் நாங்கள் மூவரும் ஒரே குடையின் கீழ் நின்றோம். நான் மனசுக்குள் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்று: தன் விதிப்படி கோர்டன் தானே அட்டையைக் கிழித்துவிடுகிறான். அவன் சரியாக இருப்பான். அவள் பெயர் குப்பைக்கூடையில் இருக்கும். இரண்டு: அவள் பெயரை அடித்து ஹில்டா பெயரை எழுதுகிறான். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மூன்று: எதையும் தொடாமல் பொய்யைப் பொய்யாகவே விட்டு—

"பொய்னா பேனா எதுக்கு?" என்றாள் அவ்ரில், மூன்றாவதை நான் வாய்விட்டுச் சொன்னதும். "கார்டுல இருக்கறதே பொய்தானே. பேனா கேட்டான்னா எதையோ மாத்தறான்."

"எதை மாத்துவான்னு நெனைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியாது கண்ணு. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவன் ஒரு விதியையும் மாத்தினது கிடையாது." குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். "அந்தக் கார்டு எனக்கு வேணும். இப்பவும் வேணும். ஆனா சிட்னி அந்தத் தொட்டியோட மழைக்குள்ள போறதைப் பார்த்துட்டு, எங்க பூவுக்குக் கீழ என் பேரு..." முடிக்கவில்லை. நானும் முடித்து எழுதவில்லை.

கூடாரத்தைத் திறந்தார்கள். அவ்ரில் தனியாகப் போனாள். வரவேண்டாம் என்று கை காட்டினாள். சிட்னி அங்கேயே நின்றார்.

திரும்பி வந்தபோது அவள் கையில் என் பேனா. முகம் முழுக்க ஈரம், மழையும் இருந்தது. வாயைப் பொத்தியிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. நேராகச் சிட்னியிடம் போய் அவர் கையிலிருந்த தொட்டியை வாங்கினாள்.

"வாங்க," என்றாள். "உள்ள."

"இடம் இருக்கா?" என்றார் சிட்னி.

"இல்லேன்னா பண்ணுவோம்."

போகும்போது பேனாவை என் கையில் திணித்தாள். நான் உள்ளே போகவில்லை. அந்த அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவ்ரிலிடம் கேட்டால், "கதை எழுதறவ நீதானே" என்கிறாள். தாய்ச் செடியின் பெயர் அட்டையில் அச்சாகியிருந்தது, அதை நான் பார்த்தேன். தந்தையின் பெயரும் மேலே பூவின் பெயரும் என்ன ஆயின என்பதுதான் பாக்கி; அவற்றை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனா இதோ. மூடியைக் கழற்றியே தருகிறேன். எழுதுவதற்கு முன் சிட்னி எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.