மேல் குவார்ட்டர்ஸ்

...வராது என்றுதான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், இது வெள்ளமே இல்லை, மழைத்தண்ணீர் கொஞ்சம் வழி தெரியாமல் வீட்டுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான், வடிந்துவிடும்... டைனிங் டேபிள் மேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் யார் பார்க்கப்போகிறார்கள், எதிர்வீட்டுச் செந்தில்நாதனா, அவன் காருக்கு அடியில் செங்கல் வைக்கிறேன் என்று குனிந்து குனிந்து எழுகிறான், மிதக்கப்போகிற காருக்குச் செங்கல், இவனெல்லாம் இன்ஜினீயர்! பக்கத்திலேயே இவ்வளவு பெரிய மைன்ஸ் பள்ளம் இருக்கும்போது தண்ணீர் அதில் போய் விழாமல் நம் பிளாக்குக்கு ஏன் வரப்போகிறது என்று கேன்டீனில் நான் கேட்டபோது இவனும்தானே தலையாட்டினான், ஒருவனுக்காவது மறுத்துப் பேசத் தோன்றியதா, தலையாட்டிகள்... பக்கத்துக் கிராமத்து, கம்மாபுரத்து ஆட்கள் வயலில் தண்ணீர் என்று அழுதபோது பள்ளத்தில் நட்டால் அப்படித்தான் என்று சிரித்தது யார், சரி, நான்தான், அதற்கென்ன இப்போது.

ப்ரியா மேலே போய்விட்டாள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டியதுமே பையில் புடவையைத் திணித்துக்கொண்டு, நீங்களும் வாங்க என்று ஒரு வார்த்தை, அதுவும் முகத்தைப் பார்க்காமல். என் மனைவி போய் நிற்பது யார் வீட்டில், பெரியண்ணன் என்று ஒருத்தன், அவன் வீட்டில்! கான்ட்ராக்டில் கிடந்து கிடந்து பர்மனென்ட் ஆனவன், நான் பரீட்சை எழுதி வந்தவன், எனக்குக் கீழ் வீடு, அவனுக்கு என் தலைக்கு மேல், அலாட்மென்ட் போட்டவனுக்கு அறிவு வேண்டாமா... அவன் குடிவந்த அன்றே இவளிடம் சொல்லிவிட்டேன், படியில் பார்த்தால் சிரி, அதோடு நிறுத்திக்கொள் என்று. சரி என்றாள். அவள் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை. இப்போதும் ஆபத்துக்குத்தான் போயிருக்கிறாள், வடிந்ததும் வந்துவிடுவாள்... வருவாள்தானே?

பாதிப் படி இறங்கி, திறந்த வாசல் வழியாக டார்ச் அடிக்கிறான் பெரியண்ணன். "சார், தண்ணி ஏறிகினே இருக்குது, மேல வந்துடுங்க. அக்காவும் இங்கதான இருக்காங்க." அக்காவா, யாருக்கு யார் அக்கா? "வேண்டாம்பா, மோட்டார் போட்டா வடிஞ்சிடும்" என்றேன். கரன்ட்டே இல்லை, எந்த மோட்டார்... அது அவனுக்கும் தெரியும், சிரிக்காமல் "சரிங்க சார்" என்று ஏறிப்போனான். சிரித்துத் தொலைத்திருக்கலாம். இந்த மாதிரி ஆட்களின் மரியாதையைத்தான் சகிக்க முடிவதில்லை.

தலைக்கு மேல் நடை. குதிகால் வலியில் இடது காலைச் சற்று இழுத்து வைப்பது ப்ரியா ஒருத்திதான். ஹாலிலிருந்து நேரே சமையலறைக்குப் போகிறது அந்தக் கால், இருட்டிலும் தடுமாறவில்லை... தடுமாற என்ன இருக்கிறது, எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே பிளான், கண்ணைக் கட்டிவிட்டாலும் போகலாம். பாத்திரம் உருளுகிறது, சிரிப்பு, பெரியண்ணன் பெண்டாட்டி செவ்வந்திக்குத்தான் இப்படி ஊரைக் கூட்டிச் சிரிக்க வரும்... இல்லை, இரண்டு பேர் சிரிக்கிறார்கள். இன்னொன்று யாருடையது? ஜன்னல் வழியாக ப்ரியாவின் குரல் தெளிவாக விழுகிறது, "செவ்வந்தி, ஏலக்கா டப்பாவ எங்கடி மாத்தி வச்ச?" "எறும்பு வந்துச்சுன்னு மேல்தட்டுல வச்சேன்க்கா."

மாற்றி வைத்தாளாமே... அப்படியென்றால் முன்பு எங்கே இருந்தது என்று இவளுக்குத் தெரியுமா, நான் செகண்ட் ஷிப்ட் போன சாயங்காலங்களிலா, எத்தனை வருஷமாக? ஏலக்காய் போட்டால் டீ மருந்து மாதிரி இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் முகம் சுளித்தேன், அதற்கப்புறம் இந்த வீட்டில் போட்டதே இல்லை, அவளும் கேட்டதில்லை, அவளுக்கும் பிடிக்காது என்றுதான்... வாசம் படியில் இறங்கி வருகிறது. தண்ணீர் டேபிளின் காலில் ஏறிக்கொண்டிருக்கிறது. மேலே ப்ரியாவின் கால் சமையலறையை விட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது, ஒரு டம்ளர் கொண்டு வருகிறாளோ, கூப்பிடுவாளோ, கூப்பிட்டால் உடனே போவதா, கொஞ்சம் கெஞ்சவிட்டுப் போவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு மூடுகிறது, மெதுவாக. சாரலுக்காகத்தான் இருக்கும். உள்ளே ஈரமாகிவிடுமே என்று சாத்தியிருப்பாள்... தன் வீட்டுக் கதவை யாரும் அப்படித்தான் சாத்துவார்கள்.